எண்ணத்தக்க பெயரும் எண்ணவியலாப் பெயரும்: தமிழ் அளவை மரபும் வடசென்னை வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில இலக்கணம் பெயர்ச்சொற்களை எண்ணத்தக்கவை, எண்ணவியலாதவை என இரண்டாகப் பகுக்கிறது. இப்பகுப்பு மொழி கற்பித்தலின் வழியாகவும் மொழியியல் ஆய்வின் வழியாகவும் தமிழ்ப் பெயர்களின் மீதும் ஏற்றப்படுகிறது. தமிழில் இவ்வேறுபாடு பெயர்ச்சொல்லில் அமைவதன்று. அளக்கும் செயலிலும், அச்செயலுக்குரிய அலகுப்பெயரிலும், வினாச்சொல்லிலும் அமைவது என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் விதிகளும், இராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளின் தொழில் வழக்கும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அலகுப்பெயரைத் தேர்வது இலக்கணச் செய்தி மட்டுமன்று, சமூக விளைவும் உடையது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பால்பகா அஃறிணைப் பெயர், அளவை, அலகுப்பெயர், ஆகுபெயர், எத்தனை, எவ்வளவு, வடசென்னை வழக்கு

1. முன்னுரை

பள்ளியில் ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுதினால் அவை பிழையெனத் திருத்தப்படுகின்றன. அம்மூன்றும் எண்ணவியலாப் பெயர்கள், பன்மை ஏலாதவை என்று விதி சொல்லப்படுகிறது. மாணவரோ தம் தாய்மொழியில் தகவல்கள், அறைகலன்கள், அறிவுரைகள் என்று தயக்கமின்றி வழங்குகிறார். அவர் செய்த பிழை அறியாமையால் விளைந்ததன்று. ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழிக்குள் கொண்டுசென்றதால் விளைந்தது. ஆங்கில வகுப்பில் அதனைத் திருத்துவது முறையே.

ஆனால் இதன் மறுபக்கம் பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. ஆங்கில வகுப்பில் கற்ற அதே பகுப்பு, தமிழைப் பற்றிப் பேசும்போதும் துணைக்கு வருகிறது. நீர், மணல், எண்ணெய், அரிசி ஆகியவை தமிழிலும் எண்ணவியலாப் பெயர்கள்; படகு, மீன், மரம் ஆகியவை எண்ணத்தக்க பெயர்கள் என்று பட்டியலிடுவது எளிதாக இருக்கிறது. எளிதாக இருப்பதாலேயே அது ஆராயப்படாமல் நிலைபெறுகிறது. மாணவர் தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றால் பிழை எனில், ஆய்வாளர் ஆங்கிலத்தின் ஒழுங்கைத் தமிழுக்குக் கொண்டுவருவதை எவ்வாறு பெயரிடுவது என்ற வினா எழுகிறது.

2. ஆங்கிலப் பகுப்பின் இயல்பு

எண்ணத்தக்க சொல், திரட்சிச் சொல் என்னும் வேறுபாட்டை ஆங்கில இலக்கணத்தில் விரிவாக நிறுவியவருள் டென்மார்க்கு மொழியியலாளர் ஓட்டோ எஸ்பர்சன் முதன்மையானவர். 1924இல் வெளிவந்த அவருடைய இலக்கணத் தத்துவ நூல் இதனை எண் பற்றிய இயலில் ஆராய்கிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பெயர்ச்சொல்லிலேயே பதிந்துள்ளது. ஒருமைச் சுட்டிடைச்சொல்லை ஏற்றல், பன்மை விகுதியை ஏற்றல், 'மெனி', 'மச்' ஆகிய இரு சொற்களுள் ஒன்றையே ஏற்றல் ஆகிய மூன்றும் பெயர் எவ்வகையைச் சார்ந்தது என்பதைப் பொறுத்தவை. அம்மொழியைப் பொறுத்தவரை இப்பகுப்பு தேவையானது, பயனுடையது.

ஆயினும் இது பொருளின் இயல்பிலிருந்து பிறந்த பகுப்பன்று. கோதுமையைக் குறிக்கும் 'வீட்' என்னும் ஆங்கிலச் சொல் ஒருமை. மற்றொரு தானியத்தைக் குறிக்கும் 'ஓட்ஸ்' பன்மை. இரண்டும் மணிகளாகவே விளைகின்றன, மூட்டைகளாகவே விற்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் பன்மை ஏலாத 'இன்ஃபர்மேஷன்' என்னும் சொல் அதே வடிவில் பிரெஞ்சு மொழியில் பன்மை ஏற்கிறது. அறைகலனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் அவ்வாறே. எனவே எண்ணத்தகுதி என்பது பொருளுக்கு உரியதன்று. அந்தந்த மொழியின் மரபுக்கு உரியது. இதை ஒப்புக்கொண்டால் தமிழின் மரபு யாது என்பதைத் தமிழுக்குள்ளிருந்தே தேடவேண்டும் என்பதும் உடன் வரும்.

3. தமிழ் இலக்கண மரபில் எண்ணும் அளவும்

தொல்காப்பியம் பாலை ஐந்தாகக் கொள்கிறது. அஃறிணைக்கு உரியவை ஒன்றன்பால், பலவின்பால் என்னும் இரண்டே. எண்ணவியலாப் பொருளுக்கெனத் தனிப்பால் வகுக்கப்படவில்லை. நீர் குளிர்ந்தது, மணல் சரிந்தது எனத் திரட்சிப் பொருளும் ஒன்றன்பால் முடிபையே கொள்கிறது.

பெயரியலில் கூறப்படும் இரு செய்திகள் இங்கு இன்றியமையாதவை. அஃறிணை இயற்பெயர், 'கள்' விகுதியை ஏற்கும் இடத்து ஏற்றுப் பன்மை உணர்த்தும் என்பது ஒன்று. அஃறிணை இயற்பெயரின் ஒருமையும் பன்மையும் அது கொள்ளும் வினையால் விளங்கும் என்பது மற்றொன்று. மீன் வந்தது, மீன் வந்தன என்னும் இரு தொடரிலும் பெயர் மாறவில்லை. எண் வினையில் வெளிப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய நன்னூல் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர்கள் எனப் பெயரிட்டு, இருபாலுக்கும் பொதுவாக்குகிறது. ஒருமை பன்மை பகுக்கப்படாத பெயர் என்னும் இக்கருத்து, எண்ணத்தக்க பெயர் என்னும் ஆங்கிலக் கருத்துக்கும் எண்ணவியலாப் பெயர் என்னும் கருத்துக்கும் முற்பட்ட நிலையில் நிற்பது. பெயர் பொருளின் வகையை மட்டும் சொல்கிறது. எத்தனை, எவ்வளவு என்பதைச் சொல்லும் பொறுப்பைத் தொடரின் பிற உறுப்புகளுக்கு விட்டுவிடுகிறது. அஃறிணைப் பன்மை விகுதி திராவிட மொழிகளில் அருகியே வழங்குகிறது என்பதைக் கால்டுவெல்லும் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டியிருக்கிறார்.

அப்பொறுப்பை ஏற்கும் உறுப்புகளுள் அளவுப்பெயரும் நிறைப்பெயரும் தலையாயவை. எழுத்ததிகாரம் இவற்றுக்குத் தரும் இடம் வியப்புக்குரியது. அளவுப்பெயர்களும் நிறைப்பெயர்களும் எந்த ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொகைமரபு வரையறுக்கிறது. எண்ணுப்பெயர்கள் அவற்றோடு புணருமாறு குற்றியலுகரப் புணரியலில் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது. வேறு எந்தப் பொருட்புலத்துப் பெயர்களுக்கும் இத்தகைய முதலெழுத்து வரையறை இல்லை. உரையாசிரியர்கள் அவ்வொன்பது எழுத்துகளுக்குக் காட்டும் அளவுப்பெயர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன. இவற்றுள் பெரும்பாலானவை வீட்டில் புழங்கும் கலங்கள். வட்டி என்பது ஓலையால் முடைந்த கூடை. கையில் இருந்த கலமே அளவாயிற்று. அளவே இலக்கணப் பொருளாயிற்று.

நன்னூல் ஆகுபெயர் வகைகளுள் அளவையைச் சேர்த்துக் கூற, உரைமரபு அதனை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக விரிக்கிறது. தொல்காப்பிய நூன்மரபின் உரையிலோ அளவை எழுவகையாக விரிகிறது: நிறுத்தளத்தல், பெய்தளத்தல், சார்த்தியளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், தேங்க முகந்தளத்தல், எண்ணியளத்தல். இவ்விரு பட்டியலிலும் உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணுதல் இவற்றில் அளவைக்கு எதிர்நிலையாக நிற்கவில்லை. அளவைகளுள் ஒன்றாக நிற்கிறது. பட்டியலிலுள்ள சொற்கள் யாவும் தொழிற்பெயர்கள் என்பதும் தற்செயலன்று. ஆங்கிலம் பெயர்களை வகைப்படுத்துகிறது. தமிழ் மரபு அளக்கும் செயல்களை வகைப்படுத்துகிறது.

பூவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ரோசாவை ஒன்று, இரண்டு என எண்ணி வாங்குகிறோம். உதிரிப்பூவை நிறுத்து வாங்குகிறோம். மல்லிகை அரும்பை ஆழாக்கில் முகந்து வாங்குவதும் உண்டு. கட்டிய சரத்தை முழம் போட்டு வாங்குகிறோம். நான்கு அளவையும் ஒரு பெயரின் மீது இயங்குகின்றன. பூ எண்ணத்தக்க பெயரா, எண்ணவியலாப் பெயரா என்னும் வினாவுக்குத் தமிழில் விடையில்லை. எவ்வாறு அளக்கப்படும் பூ என்னும் வினாவுக்கே விடையுண்டு.

4. எத்தனையும் எவ்வளவும்

தமிழில் அவ்வேறுபாடு அறவே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. எத்தனை, எவ்வளவு என்னும் வினாச்சொற்கள் அதனைக் காட்டுகின்றன. எத்தனை படகு என்கிறோம். எவ்வளவு தண்ணீர் என்கிறோம். எத்தனை தண்ணீர் என வினவும் வழக்கில்லை. பல படகு என்பது உண்டு. பல தண்ணீர் என்பது இல்லை.

எனினும் இவ்வினாச்சொற்கள் பெயர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து நிறுத்தவில்லை. எத்தனை மீன், எவ்வளவு மீன் ஆகிய இரண்டும் வழக்கு. முன்னது தலைகளை வினவுகிறது, பின்னது திரளை வினவுகிறது. எத்தனை நேரம், எவ்வளவு நேரம் ஆகிய இரண்டும் வழக்கு. எண்ண இயலாத அழகையும் துன்பத்தையும் வியக்கும்போது எத்தனை அழகு, எத்தனை துன்பம் என்கிறோம். தண்ணீரோடு குடம் என்னும் சொல் சேர்ந்தவுடன் எத்தனை குடம் தண்ணீர் என்னும் தொடர் தடையின்றி வருகிறது. பேசுவோர் பொருளை எந்த அளவைக்கு உட்படுத்தக் கருதுகின்றனர் என்பதை வினாச்சொல் காட்டுகிறது. பெயர் அதற்கு இடந்தருகிறது, அல்லது அலகுப்பெயர் ஒன்றின் துணையை நாடுகிறது.

பேச்சுத்தமிழில் அலகுப்பெயரின் பொறுப்பு மேலும் கூடியிருக்கிறது. பலவின்பால் வினைமுற்று பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. "ஒரு படகு வந்துச்சு", "அஞ்சு படகு வந்துச்சு" என்னும் இரு தொடரிலும் பெயரும் வினையும் ஒன்றே. எழுத்து வழக்கில் வினை சுமந்த எண்ணைப் பேச்சில் எண்ணுப்பெயரும் அலகுப்பெயருமே சுமக்கின்றன. ஆகவே இன்றைய தமிழின் எண்ணியலை அறிய விரும்புவோர் அலகுப்பெயர்கள் செறிந்து வழங்கும் இடங்களுக்குச் செல்லவேண்டும். சரக்கு ஏறி இறங்கும் துறைமுகப் பகுதி அத்தகைய இடம்.

5. காசிமேட்டு வழக்கு

இராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் என்னும் ஒரு பெயர் அடுத்தடுத்துப் பல அளவைகளைக் கடக்கிறது. கடலில் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் மீனவர் பாகத்தால் அளப்பது நீட்டல். படகிலிருந்து மீன் கூடையாகவும் பெட்டியாகவும் இறங்குவது முகத்தல். தராசில் ஏறிக் கிலோவாக மாறுவது எடுத்தல். பெரிய வஞ்சிரத்தை ஒன்றாகக் காட்டி விலை பேசுவது எண்ணல். நெத்திலியும் சிறு இறாலும் தரையில் கூறு போட்டு விற்கப்படுகின்றன.

இவற்றுள் 'கூறு' தனித்து நோக்கத்தக்கது. அது எண்ணிக்கையன்று, நிறையன்று, குறிப்பிட்ட கலத்தின் கொள்ளளவும் அன்று. விற்பவர் கையால் பகுத்து வைத்த சிறுகுவியல் அது. வாங்குபவர் ஒரு கூற்றை அருகிலுள்ள கூற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தே அதன் அளவை முடிவு செய்கிறார். நால்வகை அளவைக்குள் அடங்காத இவ்வலகு, உரையாசிரியர் கூறும் சார்த்தியளத்தலுக்குள் அடங்குகிறது. ஒன்றை மற்றொன்றோடு சார்த்தி அளத்தல் எழுத்தின் மாத்திரைக்கு மட்டும் உரிய நுட்பமாகப் பாடம் சொல்லப்படுகிறது. அது நாள்தோறும் மீன் விற்கும் மகளிரின் கைப்பழக்கமாகவும் இருக்கிறது.

ஐஸ் என்னும் சொல்லும் இங்கு வேறுபட்ட அலகுகளைப் பெறுகிறது. உறைந்த பாளமாக இருக்கையில் எத்தனை பார் என்று கேட்கப்படுவது, உடைத்துத் தூளாக்கியபின் எத்தனை பெட்டி என்று கேட்கப்படுகிறது. பொருள் மாறவில்லை, பெயர் மாறவில்லை, அளக்கும் செயல் மாறியது.

இந்திய அரசின் எடை அளவுச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. படியும் பலமும் சட்டத்திலிருந்து நீங்கின. கூறும் கூடையும் வழக்கிலிருந்து நீங்கவில்லை. இன்று நடைமுறையிலுள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் பொருள்களை எடை, அளவு, எண்ணிக்கை ஆகியவற்றுள் ஒன்றால் விற்கப்படுவனவாகவே கருதுகிறது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. விற்பனைக்குரிய பொருளை அதன் பெயரால் பகுக்காமல் அளவையால் பகுப்பதே சட்டத்திற்கும் இயல்பாக இருக்கிறது.

6. துறைமுக வழக்கு

சரக்குப் பெட்டகம் எண்ணத்தக்க பொருளுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தோன்றக்கூடும். நான்கு பக்கமும் எஃகுத் தகட்டால் அடைக்கப்பட்டு, தனியெண் பொறிக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பொருள் அது. 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் தொடங்கிய பெட்டகப் போக்குவரத்து, 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் அமைந்தபோது வடசென்னையின் அன்றாடக் காட்சியாகத் தொடங்கியது. மூட்டை, பொதி, பீப்பாய், கட்டு எனப் பலவாக இருந்த சரக்கின் அலகுகள் பெட்டகம் என்னும் ஒன்றுக்குள் மறைந்தன.

அப்பெட்டகங்களும் எளிதாக எண்ணப்படுவதில்லை. உலகத் துறைமுகங்கள் யாவும் இருபதடிப் பெட்டகத்தை ஓர் அலகாகக் கொள்கின்றன. நாற்பதடிப் பெட்டகம் ஒன்று கணக்கில் இரண்டாகிறது. கண்ணுக்கு ஒன்றாக நிற்கும் பொருள் ஏட்டில் இரண்டாக எழுதப்படுகிறது. எண்ணல் போலத் தோன்றுவது உண்மையில் நீட்டல். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நிற்கும் வண்டிகளின் ஓட்டுநர் இதனைத் தம் மொழியில் சுருக்கமாகச் சொல்கின்றனர். "ஒரு ட்வென்ட்டி, ரெண்டு ஃபார்ட்டி" என்னும் தொடரில் பெட்டகம் என்னும் சொல்லே இல்லை; அடி என்னும் சொல்லும் இல்லை. நீளத்தின் எண் நீளமுடைய பொருளுக்குப் பெயராயிற்று. சொற்கள் ஆங்கிலமே, ஆக்கம் நன்னூலார் வகுத்த அளவை ஆகுபெயரின்பாற்படும். கடன்சொல்லைக் கண்டவுடன் இலக்கணம் அழிந்தது எனக் கருதும் ஆய்வாளர், அக்கடன்சொல்லைத் தமிழ் எந்த விதியால் ஆள்கிறது என்பதையும் காணவேண்டும்.

நிலக்கரி இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு. எண்ணூர்த் துறைமுகம் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கும் நோக்கத்தோடு 2001இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி இயங்குபட்டையில் இடையறாது ஓடி வடசென்னை அனல்மின் நிலையத்தை அடைகிறது. ஓடும் திரளுக்குத் தலையும் இல்லை, எண்ணும் இல்லை. டன் என்னும் நிறையலகு ஒன்றே அதற்கு உண்டு. எரிந்து சாம்பலானபின் அது நீரோடு கலந்து குழாயில் செல்கிறது. அல்லது வண்டியில் ஏறி லோடு என்னும் அலகைப் பெறுகிறது. லோடு ஆனவுடன் "எத்தனை லோடு" என எண்ணும் தகுதி வருகிறது. குழாய் கசிந்து ஆற்றில் படிந்த சாம்பலுக்கு அத்தகைய அலகுப்பெயர் எதுவும் வழக்கில் இல்லை. இங்கிருந்து இலக்கணம் சமூகத்தைத் தொடுகிறது.

7. அலகும் நீதியும்

2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர் முதலிய கடற்கரைகளில் ஒதுங்கிய கசடைப் பணியாளரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய், கொசத்தலையாறு வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து அதனை விசாரித்தது.

இரு நிகழ்விலும் இரு வினாக்கள் எழுந்தன. எவ்வளவு எண்ணெய் என்பது ஒன்று. எத்தனை படகு, எத்தனை வலை, எத்தனை குடும்பம் என்பது மற்றொன்று. எத்தனை என்னும் வினாவுக்குக் கரையில் நிற்கும் எவரும் விடை கூறலாம். கண்ணும் விரலும் போதும். எவ்வளவு என்னும் வினாவுக்கு அளவுகருவி வேண்டும். கருவி நிறுவனத்திடம் இருக்கிறது. கழிமுகத்தில் வாழ்பவரிடம் இல்லை. 2017இல் கொட்டிய எண்ணெயின் அளவு முதலில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டுப் பின்னர் உயர்ந்தது. கரையில் இருந்தவர் அறிந்தது வாளிக்கணக்கு. வாளி அவர்கள் அன்றாடம் கையாளும் அலகு. ஏட்டில் எழுதப்பட்ட அலகு டன். ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் குடும்பம், படகு ஆகிய அலகுகளில் அமைந்தது. அரசு ஏட்டில் நிவாரணம் எண்ணத்தக்க அலகுகளைச் சார்ந்திருப்பது இயல்பே. எண்ணாமல் வழங்கவும் இயலாது. ஆயினும் எந்த அலகு தேரப்படுகிறது என்பதைப் பொறுத்தே யார் கணக்கில் வருகின்றனர் என்பது அமைகிறது. படகின்றிக் கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர், எத்தனை படகு என்னும் வினாவுக்குள் வரமாட்டார். எத்தனை குடும்பம் என்னும் வினாவுக்குள் மட்டுமே வரக்கூடும். அவர் இழந்த சேறும் நீரோட்டமும் இறால் குஞ்சும் எவ்வினாவுக்குள்ளும் வருவதில்லை. அவை எண்ணவியலாதவை என்பதாலன்று. அவற்றுக்கு அலகுப்பெயர் ஒன்றை எவரும் அமைக்கவில்லை என்பதால்.

சேறு எண்ணவியலாப் பெயர் என்று கூறும் இலக்கணம் இந்நிலையைப் பொருளின் இயற்கையாகக் காட்டிவிடும். சேற்றுக்கு அளவை இன்னும் வகுக்கப்படவில்லை என்று கூறும் இலக்கணம் இதனை மனிதர் செய்யத் தவறிய செயலாகக் காட்டும். இரண்டாவதே தமிழ் மரபுக்கு நெருக்கமானது, உண்மைக்கும் நெருக்கமானது.

8. எழக்கூடிய தடைகள்

இக்கருத்துக்கு மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, எத்தனை, எவ்வளவு, பல ஆகிய சொற்கள் தமிழிலும் பெயர்ப்பகுப்பு உண்டென்பதற்குச் சான்று என்பது. தண்ணீர் போன்ற பெயர்கள் அலகுப்பெயரின்றி எண்ணுப்பெயரை ஏலா என்பது உண்மையே. ஆனால் மீன், பூ, ஐஸ், கரி, முடி, நேரம் எனப் பெருந்தொகையான பெயர்கள் இரு வினாவையும் ஏற்கின்றன. இரு முனைகளில் சில பெயர்கள் நிலைத்து நிற்க, இடைப்பட்டவை அளவைக்கேற்ப நகர்கின்றன. முனைகளை மட்டும் கண்டு இருவகைப் பகுப்பாக வரையறுப்பது இடைப்பட்ட பெரும்பகுதியை விலக்காக்கிவிடும்.

இரண்டாவது, பழைய இலக்கணக் கருத்தைக் கொண்டு இன்றைய மொழியை விளக்கலாகாது என்பது. இது மதிக்கத்தக்க தடை. அதனாலேயே இங்கு நூற்பாக்களோடு சந்தையும் துறைமுகமும் சான்றாக வைக்கப்பட்டன. கூறும், வாளியும், நாற்பதடியும் மரபுவிதியை அறிந்து உருவாக்கப்பட்டவை அல்ல. அவை விதியோடு ஒத்துவருவது, விதி மொழியின் நடப்பிலிருந்து பெறப்பட்டது என்பதையே காட்டுகிறது.

மூன்றாவது, கணினித்தமிழுக்கும் இருமொழிக் கற்பித்தலுக்கும் எளிய இருவகைக் குறியீடு தேவை என்பது. தேவை உண்மையானது, குறியீடு போதாதது. மீன் என்னும் பெயருக்கு எண்ணத்தக்கது என ஒரே குறியை இட்டால் 'எவ்வளவு மீன்' என்பது பிழையாகக் கொள்ளப்படும். எண்ணுப்பெயருக்குப்பின் வரும் பெயருக்கெல்லாம் 'கள்' விகுதியைக் கட்டாயமாக்கும் போக்கும் இதே கருத்திலிருந்து வலுப்பெறுகிறது. ஐந்து படகு என்பது பிழையன்று; பால்பகா அஃறிணைப் பெயரின் இயல்பான ஆட்சி அது.

9. முடிவுரை

தமிழில் எண்ணத்தகுதி பெயர்ச்சொல்லின் நிலைத்த பண்பன்று. அளக்கும் செயலால் பெயர் பெறும் நிலை. இதனை ஏற்பின் செய்யத்தக்க பணிகள் சில உள்ளன.

முதலாவதாக, அகராதிப் பதிவு மாறவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அளவுப்பெயர்களைத் தனித்தனிச் சொற்களாகப் பொருளுரைத்துள்ளது. இனி வரும் அகராதிகள் ஒவ்வொரு பெயருக்கும் அது ஏற்கும் அளவைகளையும் அலகுப்பெயர்களையும் உடன் தரவேண்டும். நெத்திலி என்னும் பதிவில் கூறு, கூடை, கிலோ ஆகியவை இடம்பெறுவது, அது எண்ணத்தக்கதா இல்லையா என்னும் குறியைவிடப் பயனுடையது.

இரண்டாவதாக, அலகுப்பெயர்களைக் களத்தில் தொகுக்கவேண்டும். மீன்பிடித் துறை, பெட்டக முனையம், மீன்சந்தை, உலர்மீன் கடை, தண்ணீர் வண்டி ஆகிய இடங்களில் வழங்கும் அலகுகள் தொழில் மாறும்போது சொல்லாமல் மறைந்துவிடுகின்றன. பெட்டகம் வந்தபோது மறைந்த மூட்டை வழக்குகள் இதற்குச் சான்று.

மூன்றாவதாக, ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் இருமொழி வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என எழுதிய மாணவரிடம், தமிழ் அளவையில் வைத்த வேறுபாட்டை ஆங்கிலம் பெயரில் வைத்திருக்கிறது என்று விளக்கினால் அவர் இரண்டு மொழிகளையும் கற்றவராவார்.

எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் கரையில் வாழ்பவர் என்ன அலகுப்பெயர் வழங்குகின்றனர் என்பதை இதுவரை எந்த அகராதியும் பதிவு செய்யவில்லை. அதனைக் கேட்டு எழுதுவது தமிழ்த்துறையின் பணி. கேட்டு எழுதப்பட்ட சொல் ஒன்று இருந்தால், அடுத்த முறை எவ்வளவு என்னும் வினா எழும்போது கரையில் நிற்பவரும் விடை கூற இயலும்.